பூட்டு, தேவாங்கு, இரட்டை இலை: திண்டுக்கல்லில் இருந்து படிக்கும் நடப்பு நிகழ்வுகள்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் யாரிடமும் 'திண்டுக்கல்' என்று சொல்லிப் பார்க்கலாம். மூச்சு விடாமல் பதில் வரும்: பூட்டு, புவிசார் குறியீடு, 2019. அந்த ஆண்டு ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டும் காரைக்குடி கண்டாங்கிச் சேலையும் பழனி பஞ்சாமிர்தமும் அடுத்தடுத்துக் குறியீடு பெற்றன. மாத இதழ்கள் மூன்றையும் ஒரே கட்டத்துக்குள் அச்சிட்டன. டெலிகிராம் சேனல்கள் அந்தக் கட்டத்தைப் படம் பிடித்துப் பரப்பின. படிக்கிறவர்கள் ஒரு வரியாக மனப்பாடம் செய்துகொண்டு அடுத்த செய்திக்குப் போனார்கள். பூட்டுப் பட்டறைகள் இருக்கும் நாகல் நகர் வழியாகவே தினமும் பேருந்தில் வந்துபோகும் மாணவர்களும் அதைத்தான் செய்தார்கள்.

குடிமைப் பணித் தேர்வில் நடப்பு நிகழ்வுகள் என்ற பகுதியைப் பற்றிப் பேச இந்தப் பூட்டிலிருந்து தொடங்குவது வசதி. மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் (யூ.பி.எஸ்.சி.) புவிசார் குறியீட்டைப் பற்றி இரண்டு முறை கேட்ட கேள்விகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே தேர்வு எந்தப் பக்கம் நகர்கிறது என்று தெரிந்துவிடும். 2015 முதல்நிலைத் தேர்வில் பனாரஸ் ஜரிகைச் சேலை, ராஜஸ்தானின் தால்-பாட்டி-சூர்மா, திருப்பதி லட்டு ஆகியவற்றில் எவை குறியீடு பெற்றவை என்று கேட்டார்கள். பட்டியல் தெரிந்தால் விடை தெரியும். 2018-ல் கேட்டது வேறு: 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தை இந்தியா எந்த அமைப்புக்கான கடமையை நிறைவேற்ற இயற்றியது? விடை, உலக வர்த்தக அமைப்பு. எத்தனை பொருள்களின் பட்டியலை உருப்போட்டிருந்தாலும் இந்த ஒரு கேள்விக்கு அது உதவாது.

2023 முதல்நிலைத் தேர்வு இன்னும் ஒரு படி மேலே போனது. 'மேற்கண்ட கூற்றுகளில் எவை சரி' என்று கேட்பதை விட்டு 'எத்தனை சரி' என்று வரிசையாகக் கேட்டார்கள். ஒரு கூற்று தவறென்று தெரிந்தால் இரண்டு விடைகளை அடித்துவிட்டு மீதியில் ஊகிக்கும் பழைய வித்தை அங்கே எடுபடவில்லை. ஒவ்வொரு கூற்றும் தெரிந்திருக்க வேண்டும். தவறினால் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும்.

தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் கதை வேறு. 1929-ல் சென்னை மாகாணத்தில் தொடங்கிய அந்த ஆணையம், மாகாண அளவில் நாட்டிலேயே முதலாவது. அதன் குரூப் 4 தேர்வில் ஒன்லைனருக்கு இன்றும் மவுசு உண்டு, அதை மறைப்பதில் பயனில்லை. 2024-ல் 6,244 இடங்கள் என்று அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். 200 கேள்விகளில் ஒன்று கூடுதலாகச் சரியானாலும் தரவரிசையில் ஆயிரக்கணக்கானோரைத் தாண்டலாம் என்ற நிலையில், விருது, மாநாடு, தினம், திட்டம் என்று உருப்போடுகிறவரைக் குறை சொல்ல முடியாது. சிக்கல், அதே பழக்கத்தோடு குரூப் 1 முதன்மைத் தேர்வுக்கும் யூ.பி.எஸ்.சி.க்கும் போகும்போதுதான் தொடங்குகிறது. அங்கே பக்கக் கணக்கில் எழுத வேண்டும். ஒரு வரியை இழுத்து ஒரு பக்கமாக்க முடியாது.

அந்த ஒரு வரி எப்படி உருவாகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ஒரு குறிப்பு வெளியிடுகிறது. ஆங்கில நாளிதழ் அதை வைத்துச் செய்தி எழுதுகிறது. டெல்லிப் பயிற்சி மையம் ஒன்று அதைச் சுருக்கி பிடிஎஃப் ஆக்குகிறது. சென்னையில் யாரோ அதைத் தமிழாக்கி இன்னும் சுருக்குகிறார்கள். கடைசியில் திண்டுக்கல் பேருந்து நிலையம் பக்கம் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் போட்டு வாங்கும்போது, நிகழ்வு மட்டும் மிஞ்சியிருக்கிறது; அது ஏன் நடந்தது என்பது எங்கோ வழியில் உதிர்ந்துவிட்டது.

உதிர்ந்ததைத் திரும்பப் பொறுக்க இந்த மாவட்டத்துக்காரர் வெகு தூரம் போக வேண்டியதில்லை.

பூட்டையே எடுத்துக்கொள்ளலாம். மாங்காய்ப் பூட்டு என்ற பெயர் அதன் உருவத்தால் வந்தது. சாவி திரும்பும்போது உள்ளே இருக்கும் லீவர்கள் ஒவ்வொன்றும் அதனதன் உயரத்துக்கு எழுந்தால்தான் தாழ் நகரும். அந்த லீவர்களையும் சாவியின் பற்களையும் அரத்தால் கையாலேயே ராவுவார்கள் என்பதால் ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது. சாவி திரும்பும்போது மணியடிக்கும் மணிப்பூட்டும் உண்டு. இத்தனை கைவேலையோடு வரும் பூட்டு, இயந்திரத்தில் அச்சடித்தாற்போல் வரும் அலிகார் பூட்டோடும் சீனப் பூட்டோடும் விலையில் எப்படிப் போட்டியிடும்? போட்டியிட முடியாமல்தான் பட்டறைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. குறியீடு வந்தது அதற்குப் பிறகு. குறியீடு செய்வது ஒன்றுதான்: வேறு ஊரில் செய்ததைத் திண்டுக்கல் பூட்டு என்று விற்றால் வழக்குப் போடலாம். மலிவான பூட்டை வாங்குகிறவரை அது தடுக்காது; பட்டறைக்கு இளைஞர்களைக் கொண்டுவராது. 'புவிசார் குறியீடு பாரம்பரியத் தொழில்களைக் காப்பாற்றுமா, ஆராய்க' என்று ஒரு முதன்மைத் தேர்வுக் கேள்வி வந்தால், விடையின் பாதி நாகல் நகரிலேயே இருக்கிறது.

மீதிப் பாதி ஜெனீவாவில் இருக்கிறது. உலக வர்த்தக அமைப்பு 1995-ல் தொடங்கியபோது அதோடு வந்த அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், புவிசார் குறியீட்டை உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயமாக்கியது. இந்தியா 1999-ல் சட்டம் இயற்றி 2003 செப்டம்பரில் நடைமுறைப்படுத்தியது, பதிவகம் சென்னையில். முதலில் பதிவானது டார்ஜிலிங் தேயிலை. ஆனால் அந்த ஒப்பந்தத்தில் ஓர் ஓரவஞ்சனை உண்டு. ஒயினுக்கும் மதுபானங்களுக்கும் மட்டும் கூடுதல் பாதுகாப்பு, மற்றவற்றுக்குக் குறைவு. அந்தக் கூடுதல் பாதுகாப்பை எல்லாப் பொருளுக்கும் விரிக்க வேண்டும் என்று தோகா பேச்சுவார்த்தையில் இந்தியா கேட்டுவருகிறது. பாசுமதி அரிசிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் இந்தியா 2018-ல் விண்ணப்பித்ததைப் பாகிஸ்தான் எதிர்த்தது. தன் நாட்டிலேயே அப்படி ஒரு சட்டம் இல்லாமல் இருந்த பாகிஸ்தான் 2020-ல் அவசரமாக இயற்றிக்கொண்டது. பூட்டில் தொடங்கிய பாடம் இந்தியா–பாகிஸ்தான் வர்த்தக ராஜதந்திரத்தில் வந்து நிற்கிறது.

பஞ்சாமிர்தத்தின் பாதை வேறு. அதற்கு வேண்டிய விருப்பாச்சி மலைவாழைக்கும் தனிக் குறியீடு உண்டு. ஆனால் முடிக்கொத்து நோய் தாக்கி அந்த வாழைச் சாகுபடி பெரிய அளவில் சுருங்கியது. குறியீடு இருக்கிறது, பயிர் குறைந்துவிட்டது. தேர்வு வழிகாட்டிகள் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு பக்கத்தில் எழுதினால் நன்றாக இருக்கும்.

அடுத்து தேவாங்கு. திருதிருவென்று விழிப்பவரை 'தேவாங்கு மாதிரி முழிக்கிறான்' என்பார்கள். 2022 அக்டோபரில் தமிழ்நாடு அரசு கடவூரில் 11,806 ஹெக்டேரில் நாட்டின் முதல் தேவாங்கு சரணாலயத்தை அறிவித்தது. கரூர் மாவட்டத்தின் கடவூரோடு திண்டுக்கல் மாவட்டத்தின் வேடசந்தூர், நத்தம் பக்கக் காடுகளும் அதில் சேர்ந்தன. அறிவிப்பையொட்டி வந்த பல செய்திகள், சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் இது 'அழியும் ஆபத்தில் உள்ள' இனம் என்று எழுதின. தொகுப்புகளும் அதையே நகலெடுத்தன. உண்மையில் அந்தச் சிவப்புப் பட்டியலில் நம் ஊர்ச் சாம்பல் தேவாங்கின் இடம் அதைவிட இரண்டு படி கீழே, 'அச்சுறுத்தலை நெருங்கும்' வகை. ஆபத்து வகையில் இருப்பது இலங்கையின் செந்தேவாங்கு. விலங்குகளின் பாதுகாப்பு வகையைக் கேட்பது யூ.பி.எஸ்.சி.க்குக் கைவந்த கலை. பத்திரிகைக் குறிப்பை நம்பியவர் அங்கே இரண்டு மதிப்பெண்ணோடு மூன்றில் ஒரு பங்கையும் சேர்த்து இழப்பார். மூலப் பட்டியலைத் திறந்து பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

அதே காலாண்டில் நடந்தவற்றையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தி ஆறு அட்டவணைகளை நான்காக்கியது. அதே டிசம்பரில் மாண்ட்ரியலில் கூடிய பல்லுயிர் மாநாடு, 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்புக்குள் கொண்டுவரும் குன்மிங்–மாண்ட்ரியல் இலக்கை ஏற்றது. மாநில அரசின் ஒரு சரணாலயம், மத்திய அரசின் ஒரு திருத்தம், உலக நாடுகளின் ஓர் உடன்படிக்கை, எல்லாம் மூன்று மாதத்துக்குள். தொகுப்புகளில் இவை மூன்றும் 'தமிழ்நாடு', 'தேசியம்', 'சர்வதேசம்' என்று மூன்று தலைப்பில் பிரிந்து கிடக்கும்.

தோல் பதனிடும் தொழிலின் கதைதான் இந்த மாவட்டம் தேர்வருக்குத் தரும் பெரிய பாடம். அதைத்தான் மிகக் குறைவாகப் படிக்கிறார்கள். 'வேலூர் குடிமக்கள் நல மன்றம்' வழக்கு என்றால் எல்லோருக்கும் தெரியும். 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் அமர்வு, முன்னெச்சரிக்கைக் கொள்கையும் மாசுபடுத்தியவரே ஈடுசெய்யும் கொள்கையும் இந்தியச் சட்டத்தின் பகுதி என்று தீர்ப்பளித்தது. பெயரில் வேலூர் இருப்பதால் அது பாலாற்று வழக்கு என்றே பலரும் நினைக்கிறார்கள். தீர்ப்பின் உத்தரவுப் பகுதியைப் படித்தால் வேறு தெரியும். தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தபோது நீதிமன்றம் ஐந்து மாவட்டங்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது: வட ஆற்காடு அம்பேத்கர், ஈரோடு பெரியார், திண்டுக்கல் அண்ணா, திருச்சி, செங்கை எம்.ஜி.ஆர். 1985-ல் மதுரையிலிருந்து பிரிந்த மாவட்டம் அப்போது 'திண்டுக்கல் அண்ணா' என்ற பெயரில் இருந்தது. 1997-ல் மாவட்டப் பெயர்களிலிருந்து தலைவர்களின் பெயர்கள் நீங்கியதால், இன்று தீர்ப்பைப் படிக்கிறவருக்கு இது பழைய வரைபடத்தைப் பார்ப்பதுபோல இருக்கும்.

சென்னை உயர் நீதிமன்றத்தில் பசுமை அமர்வு வந்தது இந்தத் தீர்ப்பால்தான். 2010-ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், தன் 20-ஆம் பிரிவில் இதே கொள்கைகளைப் பின்பற்றச் சொல்கிறது. அந்தக் கொள்கைகள் வந்தது 1992 ரியோ மாநாட்டுப் பிரகடனத்தில் இருந்து. கதை அங்கே முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு வேலூர்த் தோல் ஆலைகள் பற்றி மீண்டும் தீர்ப்பளித்தது. 1996-ல் சொன்னது நடைமுறைக்கு வரவில்லை என்பதால், வழக்கைத் தொடர்ந்து கண்காணிக்கும் முறையைக் கையிலெடுத்தது. 2025-ன் நடப்பு நிகழ்வு என்று தொகுப்பில் வந்த அந்தச் செய்திக்கு வயது முப்பதை நெருங்குகிறது. மலைமேல் 2001-ல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலையும் இப்படித்தான், பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையோடு சேர்த்துப் படிக்க வேண்டியது.

அரசியலமைப்புப் பகுதிக்கு 1973 போதும். அ.தி.மு.க. தொடங்கி ஓராண்டு ஆகாத நிலையில், அந்த மே மாதம் திண்டுக்கல் மக்களவைத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. மாயத்தேவர் வென்றார். ஆளுங்கட்சியான தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. அந்தத் தேர்தலுக்கு மாயத்தேவர் தேர்ந்தெடுத்த சின்னம்தான் இரட்டை இலை. மாவட்டத்துப் பெரியவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். தேர்வருக்கு இதில் வேறு சரக்கு இருக்கிறது. அந்தச் சின்னம் எம்.ஜி.ஆர். மறைவுக்குப் பிறகு முடங்கியது. 1989 தேர்தலில் ஜெயலலிதா அணி சேவலிலும் ஜானகி அணி இரட்டைப் புறாவிலும் நின்றன. 2017 மார்ச்சில் மறுபடி முடங்கி, நவம்பரில் ஒரு தரப்புக்குக் கிடைத்தது. இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை, 1968-ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணையின் 15-ஆம் பத்தி. உச்ச நீதிமன்றம் 1971-ல் சாதிக் அலி வழக்கில் அதை உறுதிசெய்தது.

2023 பிப்ரவரியில் சிவசேனாவின் வில் அம்பு ஷிண்டே தரப்புக்குப் போனது. ஓராண்டில் தேசியவாத காங்கிரஸின் கடிகாரம் அஜித் பவார் தரப்புக்குப் போனது. 'மகாராஷ்டிர அரசியல்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டு மனப்பாடம் செய்தவர்கள் நிறையப் பேர். இரட்டை இலையின் கதை தெரிந்தவருக்கு அதில் புதிதாக இருந்தது பெயர்கள் மட்டும்தான். கட்சியின் சட்டமன்றப் பலத்தை வைத்துச் சின்னத்தை முடிவுசெய்வது சரியா என்ற கேள்விக்கு, தமிழ்நாட்டு உதாரணத்தோடு எழுதுகிறவரின் விடைத்தாள் தனித்துத் தெரியும்.

தொல்லியலுக்குப் பழனி அடிவாரம். கீழடி அறிக்கை 2019 செப்டம்பரில் வெளியாகி கி.மு. 6-ஆம் நூற்றாண்டு என்ற காலம் எல்லோர் வாயிலும் புழங்கத் தொடங்கியது. அதற்குப் பத்தாண்டு முன்பே பேராசிரியர் கா. ராஜன் குழு பழனிக்கு அருகே பொருந்தலில் தோண்டியபோது, ஒரு கல்லறையில் நெல்மணிகளும் தமிழ்–பிராமி எழுத்துப் பொறித்த பிரிமனையும் கிடைத்தன. நெல்லைக் காலக்கணிப்புச் செய்தபோது கி.மு. 490 என்று வந்தது. எழுத்தின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிய விவாதம் அங்கேயே தொடங்கிவிட்டது. 2025 ஜனவரியில் இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை சிவகளையில் கி.மு. 3345 வரை போனபோது கேட்ட அதே கேள்விகள்தான் பொருந்தலிலும் கேட்டவை: காலம் எதை வைத்துக் கணித்தது, மாதிரி எந்த அடுக்கில் இருந்தது, ஒரு மாதிரி போதுமா?

எல்லாமே உள்ளூரில் கிடைக்கும் என்று சொன்னால் அது மிகை. பிரிக்ஸ் விரிவாக்கமும் நேட்டோவும் செங்கடல் கப்பல் பாதையும் மலைக்கோட்டை மேலேறி நின்றாலும் தெரியாது. அதற்கு நாளிதழும் உலகப் படமும்தான் வழி. 'திட்டம்' போன்ற அரசு இதழ்களைப் படிக்கும்போது அது அரசின் குரல் என்பதையும் நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது. பயிற்சி மையங்கள் எல்லாமே வீண் என்பதும் நியாயமில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கும் ஒருவருக்கு எதைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவாவது ஒருவர் வேண்டும். வேலைவாய்ப்பு அலுவலகங்களின் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் இதைக் காசு வாங்காமல் செய்கின்றன. முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கும் 1,000 பேருக்கு மாதம் 7,500 ரூபாய் தரும் நான் முதல்வன் திட்டம், வாடகைக்கும் சாப்பாட்டுக்குமாவது உதவுகிறது.

ஒரு தடையை மட்டும் உதவித்தொகை தீர்க்காது. யூ.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதலாம். முதல்நிலை வினாத்தாளோ ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வருகிறது. இந்தி வட்டாரத்து மாணவர் தாய்மொழியில் கேள்வியைப் படிக்கும் அதே அறையில், சின்னாளபட்டி நெசவாளி வீட்டுப் பிள்ளை ஆங்கிலத்தில் கூற்றுகளை அலசி எண்ண வேண்டியிருக்கிறது. தமிழில் படித்துவிட்டுத் தேர்வுக்கு முந்தைய ஆண்டு மட்டும் ஆங்கிலத் தொகுப்புக்கு மாறுகிறவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத் தலையங்கம் ஒன்றையாவது கல்லூரி முதலாண்டிலிருந்தே தினமும் படிக்கச் சொல்வதைத் தவிர இதற்கு வேறு நடைமுறை வழி இப்போதைக்கு இல்லை.

வரும் சில ஆண்டுகளின் கேள்விகள் எங்கிருந்து வரும் என்பதற்கு ஆத்தூர் ஒன்றியத்தைப் பார்க்கலாம். சேலத்து ஆத்தூர் இல்லை, காந்திகிராமம் இருக்கும் ஆத்தூர். டாக்டர் டி.எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் தொடங்கிய காந்திகிராமத்தின் ஊரக நலக் குழுவினர், 1950-களின் இறுதியில் தொடங்கி 1960-களில் இந்த ஒன்றியத்துக் கிராமங்களில் குடும்ப நலத் திட்டத்தை முன்னோடியாகச் செய்துகாட்டினார்கள். செவிலியர் வீடு வீடாகப் போனார்கள். ஊர்த் தலைவர்களை வைத்தே பேசினார்கள். பிறப்பு விகிதம் குறைந்தது. மாநிலம் முழுக்கவும் பிறகு அப்படியே நடந்தது. அதன் விலை என்ன என்பதுதான் இப்போதைய சர்ச்சை.

1962-ல் சென்னை மாநிலத்துக்கு 41 மக்களவை இடங்கள் இருந்தன, 1967-ல் 39. மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்குத் தண்டனையா என்று 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இதைச் சுட்டிக் கேட்டது. 1976-ல் 42-ஆவது திருத்தம் 1971 கணக்கெடுப்பின்படி இடங்களை உறையவைத்தது. 84-ஆவது திருத்தம் அந்த உறைவை 2026-க்குப் பிறகான முதல் கணக்கெடுப்பு வரை நீட்டியது. அந்தக் கணக்கெடுப்புக்கான அறிவிக்கை 2025 ஜூன் 16 அன்று வெளியானது. கணக்கெடுப்புக்கு அடிப்படையான தேதி 2027 மார்ச் 1. சுதந்திரத்துக்குப் பிறகு முதல்முறையாக எல்லாச் சாதிகளையும் எண்ணப்போகும் கணக்கெடுப்பும் இதுவே. தொகுதி மறுவரையறை, நிதிக்குழுவின் பகிர்வுச் சூத்திரம், மகளிர் இடஒதுக்கீட்டுக்கான 106-ஆவது திருத்தம் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் மக்கள்தொகைக் கணக்கில் வந்து முட்டுகின்றன. ஆத்தூர்ச் செவிலியரின் பதிவேட்டிலிருந்து நாடாளுமன்ற இருக்கை எண்ணிக்கை வரை போகும் இந்தக் கோட்டை ஒரே விடையில் எழுதிப் பழக, காந்திகிராமத்தைச் சுற்றி வளர்ந்த ஒருவருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போதும்.